நரி தூக்கிய கை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், கோடை வந்தால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சும். மேட்டு விலங்குகளும் பள்ளத்து விலங்குகளும் அதற்காகச் சண்டையிட்டுக் களைத்துப்போய், ஆண்டுக்கு ஒரு முறை கால்பந்து ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தன. வென்ற கூட்டம் கோடை முழுவதும் விடியற்காலையில் தெளிந்த நீர் குடிக்கலாம். தோற்ற கூட்டம் உச்சி வெயிலில் வந்து, மிச்சமிருக்கும் சேற்றுநீரைக் குடிக்க வேண்டும். ஆட்டம் சமனில் முடிந்தால், சென்ற ஆண்டு வென்றவருக்கே முதல் உரிமை.

சென்ற ஆண்டு வென்றது மேட்டு அணி. அதன் தலைவர் நரி.

நரி தந்திரசாலி. தந்திரசாலிகளுக்கு வியர்ப்பது பிடிப்பதில்லை. ஆகவே ஒரே ஒரு வித்தையை வைத்தே அது காலத்தை ஓட்டியது. பள்ளத்து அணியின் மான் பந்தை உதைக்கக் காலை ஓங்கியதும், "முன்னால்!" என்று நரி கத்தும். அதன் ஆட்கள் நான்கு எட்டு முன்னே பாய்வார்கள். பந்து வரும் முன்பே ஓடிவிடும் பள்ளத்து முயல், கோலுக்குப் பக்கத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும். கோட்டோரம் நிற்கும் நாரை தேக்கிலைக் கொடியைத் தூக்கும். நடுவர் யானை பிளிறும். அந்தக் காட்டில் யாரும் விசில் வாங்கியதே இல்லை.

இந்த ஆண்டு ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் முயல் ஐந்து முறை ஆஃப்சைடு ஆனது.

இடைவேளையில் அது நரியிடம் வந்தது. "நரியண்ணே, நானும் எவ்வளவோ வேகமாகத்தான் ஓடுகிறேன். எதற்குத்தான் அந்தக் கொடியைத் தூக்குகிறார்கள்?"

யாராவது விளக்கம் கேட்டால் நரிக்கு வாய் நிற்காது.

"வேகமாக ஓடுவதுதான் உன் தப்பே, மடையா! பந்து உன்னிடம் வந்து சேரும்போது நீ எங்கே இருக்கிறாய் என்று யாரும் பார்ப்பதில்லை. மான் உதைக்கிறதே, அந்த நொடியில் எங்கே இருந்தாய் என்றுதான் பார்ப்பார்கள். அப்போது பந்தையும் தாண்டி, எங்கள் ஆட்களையும் தாண்டி நின்றால் ஆஃப்சைடு."

"கோலில் நிற்கும் கரடியை நான் தாண்டவில்லையே!"

"கரடி ஒருவர் போதாது. உனக்கு நேராகவோ, உனக்கும் கோல் கோட்டுக்கும் நடுவிலோ எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும்."

"கரடி ஒருவர். இன்னொருவர் யார் அண்ணே?"

"யாராக இருந்தால் என்ன? ஆனால் என் ஆட்கள் யாரும் அங்கே நிற்க மாட்டார்கள்." நரி மீசையைத் தடவிக்கொண்டது.

"ரொம்ப நன்றி அண்ணே," என்று முயல் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனது.

இரண்டாம் பாதியில் முயல் ஓடவே இல்லை. மேட்டு அணியின் எருமைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. எருமை அசைபோட்டது. முயல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. 'பயல் சோர்ந்துவிட்டான்,' என்று நரி நினைத்தது.

அதுவரை யாரும் கோல் போடவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் மான் காலை ஓங்கியது.

"முன்னால்!" என்று நரி கத்தியது. கீரியும் முள்ளம்பன்றியும் அதனுடன் முன்னே பாய்ந்தன. மான் உதைத்தது. நரியின் தலைக்கு மேல் பந்து பறந்தது. அதன் பிறகுதான் முயல் ஓடியது.

நரி துரத்தவில்லை. நின்ற இடத்திலேயே கையைத் தூக்கி, "ஆஃப்சைடு!" என்றது. அதைப் பார்த்துக் கீரி கை தூக்கியது. முள்ளம்பன்றியும் தூக்கியது. கோலில் நின்ற கரடி, தலைவர்மேல் இருந்த மரியாதையில் இரண்டு கைகளையும் தூக்கியது. முயல் மெல்லத் தட்டிய பந்து, கரடியின் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது.

தேக்கிலை கீழேயே இருந்தது. யானை மைதானத்தின் நடுவை நோக்கித் தும்பிக்கையை நீட்டியது. கோல்!

அன்றைக்கு முதன்முறையாக நரி ஓடியது, நாரையிடம்.

"உமக்குக் கண் அவிந்துவிட்டதா? மான் உதைத்தபோது முயல் எனக்குப் பின்னால் ஆறு எட்டு தள்ளி நின்றதே!"

"நின்றது," என்றது நாரை. "எருமைக்கு நேராக நின்றது."

நரி எருமையிடம் பாய்ந்தது. "முன்னால் என்று கத்தினேனே, ஏன் வரவில்லை?"

எருமை வாயிலிருந்ததை விழுங்கியது. "வந்துகொண்டுதானே இருக்கிறேன்," என்றது.

"கரடியாரே, நீராவது பந்தைப் பிடித்திருக்கலாமே! காலடியில் ஊர்ந்து போனதே!"

"எப்படிப் பிடிப்பேன் தலைவரே? இரண்டு கையும் மேலே இருந்ததே!"

அந்தக் கோடை முழுவதும் மேட்டு விலங்குகள் உச்சி வெயிலில்தான் குளத்துக்கு வந்தன. எருமை மட்டும் சேற்றைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

நீதி: தீர்ப்பு நம் பக்கம்தான் என்று கை தூக்கி நிற்காதே, அது வரும்வரை உன் வேலையைச் செய்.