மூவர் கேட்ட சங்கிலி

தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கும் மனிதருக்குப் பட்ட கடனும் ஒரே பொருளின் மேல் வந்து நின்றால், எதை முதலில் தீர்ப்பது? பக்தி மிகுந்தவர்களும் தடுமாறும் இடம் இது. காந்திமதி என்பவள் தடுமாறியதைக் கேளுங்கள், தீர்ப்பு உங்களுடையது.

தாமிரபரணிக் கரையில் உள்ள நூற்பாலை ஒன்றில் நூல் சுற்றும் பிரிவில் அவளுக்கு வேலை. கணவன் செண்பகராமன் வாடகைக்குச் சரக்கு வண்டி ஓட்டினான். வீட்டில் மாமியார் ஆவுடையம்மாள். மாமனாரின் கடைசி நோய்க்காகக் காந்திமதியின் தாய்வீட்டுச் சங்கிலி, ஐந்து பவுன், அடகுக்குப் போயிற்று. அவர் பிழைக்கவில்லை, வட்டிதான் வளர்ந்தது. நகை ஏலத்துக்கு வரப்போகிறது என்று தகவல் வந்ததும், ஆலைத் தொழிலாளர் கடன் சங்கத்தில் பணம் பெற்று அதை மீட்டாள்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சக தொழிலாளி ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் பணம் கிடைக்கும். வாங்கியவரின் சம்பளம் நின்றுபோனால், தவணையை ஜாமீன் நின்றவரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். காந்திமதிக்குக் கையெழுத்திட்டவள் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் எஸ்தர். கணவனை இழந்தவள், மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலி மீண்டும் கழுத்தில் ஏறிய அன்று மாலையே காந்திமதி ஆற்றங்கரை அம்மன் சந்நிதிக்குப் போனாள். மணமாகி எட்டு ஆண்டுகள், மடி நிறையவில்லை. சங்கிலியைத் தொட்டபடி, "தாயே, ஒரு பிள்ளையைக் கொடு. அது பிறக்கும் முன்பே இதை உன் கழுத்தில் சாற்றுகிறேன்" என்று கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டாள். உடன் நின்ற ஆவுடையம்மாளும் அதைக் கேட்டாள்.

ஆண்டு திரும்பும் முன்னே அம்மன் அருளினாள்.

அந்த ஆலையில் பேறுகால விடுப்பு என்றால் வேலை காத்திருக்கும், சம்பளம் காத்திராது. ஆகவே விடுப்புக்கு முன்பே கடனை முடித்துவிட வேண்டும் என்று காந்திமதி மிகைநேர வேலையும் பார்த்தாள். எட்டாம் மாதம் வரை உழைத்தால் தீர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. ஆனால் கால் வீங்கிற்று, இரத்த அழுத்தம் ஏறிற்று. நின்று செய்யும் வேலை இனி ஆகாது என்று மருத்துவர் தடுத்ததால், ஐந்தாம் மாதமே விடுப்பில் வீட்டுக்கு வந்தாள். கடனில் பாதி அப்படியே நின்றது.

இரண்டு மாதம் கழித்து, சாத்துக்குடிப் பையோடு எஸ்தர் பார்க்க வந்தாள். அவள் காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இரண்டு ஈர்க்குச்சிகள் செருகியிருந்தன.

"கம்மல் எங்கக்கா?"

"எங்க ஆளுங்கள்ல நகையே போடாத சபை ஒண்ணு இருக்குல்லா? அதுல சேந்துட்டேன்னு வச்சுக்கோ."

காந்திமதிக்குச் சிரிப்பு வரவில்லை. "சங்கத்துல உங்க சம்பளத்துல பிடிச்சுட்டாங்களா?"

"பிடிச்சா பிடிக்கட்டும். நாயா பிடிச்சுச்சு, ஊசி போட? நீ கால நீட்டிப் படு."

எஸ்தர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கம்மல் அடகுக்குப் போயிருக்கும் என்பது காந்திமதிக்குப் புரிந்தது. அன்றிலிருந்து கழுத்துச் சங்கிலி அவளுக்குக் கனத்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. அன்று காலை வீட்டில் பேச்சு முற்றியது.

"ஏட்டி, இன்னிக்கே சாமிக்குச் சாத்திரணும்" என்றாள் ஆவுடையம்மாள். "வாங்கிக்கிட்டு இல்லேன்னு சொன்னா, அது வயித்துல கெடக்கிறதத்தான் தொடும்."

செண்பகராமன் வேறு சொன்னான். "கோயிலும் வேண்டாம், சங்கமும் வேண்டாம். எஸ்தரக்காவுக்கு நீ வேலைக்குப் போனதும் சேத்துக் குடுத்துருவோம். நாளைக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டா நான் யார் கால்ல போய் விழ? பிள்ளைக்குன்னு அது இருக்கட்டும்."

அம்மனுக்கு அஞ்சினாள் ஒருத்தி. பிள்ளைக்கு அஞ்சினான் ஒருவன். இருவர் அச்சமும் அன்பில் பிறந்ததே என்பதைக் காந்திமதி அறிவாள்.

வளையல் அடுக்கி முடிந்ததும் எல்லாரும் கோயிலுக்கு நடந்தார்கள். எஸ்தரும் வந்திருந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "செருப்ப நான் பாத்துக்கிடுதேன். நீ உள்ள போய் உங்கம்மாவப் பாத்துட்டு வா" என்றாள்.

பூசாரி தட்டை நீட்டினார். காந்திமதி சங்கிலியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள். எதிரே அம்மன். பக்கத்தில் மாமியாரும் கணவனும். திரும்பிப் பார்த்தால், வாசல் வெயிலில் காதில் ஈர்க்குச்சியோடு ஒருத்தி.

அந்தச் சங்கிலி யாருக்கு உரியது? அம்மனுக்கா, பிள்ளைக்கா, எஸ்தருக்கா? அதை அவள் யாரிடம் சேர்ப்பது சரி?

*

விடை: எஸ்தருக்கு. வேண்டுதல் நடந்த நாளை நினைத்துப் பாருங்கள். ஏலத்துக்குப் போகவிருந்த நகையைக் காந்திமதியின் கழுத்தில் அன்று நிறுத்தியிருந்தது எஸ்தரின் கையெழுத்து. கடன் தீரும் வரை அது முழுதும் காந்திமதியுடையதன்று. தன்னுடையது அல்லாததைத் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்ள ஒருவருக்கும் உரிமையில்லை, பிள்ளைக்கென்று ஒதுக்கவும் உரிமையில்லை. இதை உணர்ந்தவள் வெறுங்கையால் கும்பிட்டு வெளியே வந்தாள். மறுநாள் சங்கிலியை விற்றுச் சங்கக் கடனை அடைத்தாள். எஸ்தரின் கம்மலையும் மீட்டுக் கொடுத்தாள். பிரசவம் அரசு மருத்துவமனையில் நடந்தது, பெண் குழந்தை. ஆனால் வாக்கு அழிந்துவிடவில்லை. வேலைக்குத் திரும்பியபின் ஒவ்வொரு சம்பள நாளிலும் அவள் குழந்தையோடு சந்நிதிக்குப் போய், ஐந்து பவுனுக்கு ஈடாகும் வரை உண்டியலில் செலுத்தி வந்தாள். அம்மனுக்கும் தவணைதான். அந்தக் கடனுக்கு மட்டும் யாருடைய ஜாமீனும் தேவைப்படவில்லை.