இடது பக்கத்துச் சின்னச் சக்கரம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. குருவை அவர் என்றும் சீடனை அவன் என்றும் சொல்வதுதான் வழக்கம். ஆனால் நரை விழுந்த மனிதரை அவன் இவன் என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. இருவருமே அவராக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆசிரமம் எது என்று கேட்டால், சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையின் கடைசிக் கட்டடம். அதற்குள் ஆறு இரும்புக் கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. பெட்டிக்குள் விமானத்தின் மூக்குப் பகுதி மட்டும் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே படத்தில் ஓடுதளம் வரும், மேகம் வரும், மழை பெய்யும். கால்கள் ஆட்டுகிற ஆட்டத்தில், தரையில்தான் இருக்கிறோம் என்பது உள்ளே இருப்பவருக்கு மறந்துபோகும். சிமுலேட்டர் என்பார்கள்.

சீடரின் பெயர் திருமாறன். இருபத்து மூன்று வருடம் விமானம் ஓட்டியவர். அதில் பதினாறு வருடம் கேப்டன். விமானத்தில் இடது பக்க இருக்கை கேப்டனுடையது. வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கம்பெனியை இழுத்து மூடினார்கள். முந்தின நாள் மாலைதான் கோவையிலிருந்து பயணிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அதுதான் கடைசி என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

பிறகு இரண்டரை வருடம் வீட்டில். காலையில் எழுந்ததும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைப்பார். யார் போன் செய்தாலும் எடுக்கமாட்டார். ‘இப்போ என்ன சார் பண்றீங்க’ என்று கேட்டால் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

கடைசியில் ஒரு புதிய கம்பெனி கூப்பிட்டது. அதே வகை விமானம்தான், இரண்டு புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம். ஆனால் வலது பக்க இருக்கை, துணை விமானி வேலை. தோளில் நான்கு கோடு இருந்த இடத்தில் மூன்று கோடு. திருமாறன் சரி என்றார். வாய்தான் சரி என்றது.

வேலையில் சேருவதற்கு முன் சிமுலேட்டரில் ஒரு சோதனை வைத்தார்கள். அதில் தோற்றுப்போனார்.

நடந்தது இதுதான். விமானம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் ஒரு என்ஜின் நின்றது. இடது பக்கம் இருந்த கேப்டன் அதைச் சமாளித்துக்கொண்டிருந்தார். அப்போது திருமாறனின் கை தன் பக்கத்திலிருந்த, விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிவிட்டது. இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளும் உள்ளே ஒன்றோடு ஒன்று இணைந்தவை. ஒருவர் இந்தப் பக்கம் இழுக்க, மற்றவர் அந்தப் பக்கம் இழுக்க, படத்து விமானம் படத்துத் தரையில் போய் மோதியது.

விமானிகளுக்கு இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டுகிறவர் ‘யூ ஹாவ் கன்ட்ரோல்’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மற்றவர் ‘ஐ ஹாவ் கன்ட்ரோல்’ என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. எத்தனையோ பேருக்குத் திருமாறனே சொல்லித்தந்திருக்கிறார்.

இன்னும் ஒரு வாய்ப்பு தருகிறோம் என்றார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு. அதிலும் தோற்றால் வேலை இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு கம்பெனி கூப்பிடப்போவதும் இல்லை.

மூன்று வாரமாக அவருக்குப் பயிற்சி கொடுத்துவந்த குருவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரர். பதினான்கு வருடத்துக்கு முன்னால், பழைய கம்பெனியில், திருமாறனுக்குப் பக்கத்து இருக்கையில் துணை விமானியாக வந்து உட்கார்ந்தவர். பிறகு இந்தக் கம்பெனிக்கு வந்து கேப்டன் ஆனவர். அப்போது ‘செண்பகம், வாம்மா’ என்று கூப்பிட்ட வாய்க்கு இப்போது ‘மேம்’ என்பது வரவில்லை. பெயரும் சொல்லாமல் மேமும் சொல்லாமல், ‘இங்கே பாருங்க’ என்றே மூன்று வாரத்தை ஒப்பேற்றியிருந்தார்.

அன்றைக்குக் காலை கடைசிப் பயிற்சி. இடது பக்கம் கம்பெனியின் கேப்டன் ஒருவர். வலது பக்கம் திருமாறன். பின்னால், திரைகளுக்கு முன்னே, செண்பகவல்லி.

என்ஜின் நின்றது.

“சார், உங்க கை,” என்றார் செண்பகவல்லி.

திருமாறன் பார்த்தார். கை கைப்பிடியில் இருந்தது.

“தெரியாம வெச்சுட்டேன்.”

“அது தெரியுது சார். மறுபடி போவோம்.”

மறுபடி போனார்கள். இந்தத் தடவை கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கால் போய்ப் பெடலை மிதித்தது. அடுத்த தடவை காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கை கிளம்பியது. ஐந்து தடவை போனார்கள். ஐந்து தடவையும் உடம்பில் ஏதோ ஒன்று அவரைக் கேட்காமல் கிளம்பியது.

திருமாறன் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினார்.

“உனக்கென்ன, செண்பகம்,” என்றார். மூன்று வாரமாக அடக்கிவைத்த பெயர் அப்படித்தான் வெளியே வந்தது. “பின்னாடி உட்கார்ந்து கை, கால்னு எண்ணிக்கிட்டிருக்கே. நாளைக்கே டியூட்டி போட்டா இடது பக்கம் போய் உட்காரப்போறே. பதினாறு வருஷம் உட்கார்ந்த இடத்தைப் பக்கத்துலயே வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? விடுங்க, விடுங்கங்கறே. எப்படி விடறது? அதைச் சொல்லிக் கொடு முதல்ல.”

செண்பகவல்லி இடது பக்கம் இருந்த கேப்டனிடம், “நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்,” என்றார். அவரும் பிழைத்தோம் என்று எழுந்து போனார்.

பின்னாலிருந்த திரையில் எதையோ மாற்றிவிட்டு, செண்பகவல்லி முன்னால் வந்து இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் அவர் அங்கே வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பெல்ட்டை ஒற்றைக் கையால் மாட்டினார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. காப்பி டம்ளரையும் ஒரு கையால்தான் பிடிப்பார், மற்றது பேன்ட் பையிலேயே இருக்கும். பதவி வந்ததும் வந்த தோரணை என்று திருமாறன் நினைத்துவைத்திருந்தார்.

“மதுரை,” என்றார் செண்பகவல்லி. “சாயங்காலம் நாலு மணி. ஐப்பசி மழை. நாலாயிரம் அடி. பின்னாடி அறுபத்தெட்டு பேர்.”

கண்ணாடி முழுக்க மழை வந்தது. பெட்டி குலுங்கியது. விமானம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. செண்பகவல்லி ஒரு பொத்தானை அழுத்தி அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு, தண்ணீர் கேட்கிற குரலில், “யூ ஹாவ் கன்ட்ரோல்,” என்றார்.

“ஐ ஹாவ் கன்ட்ரோல்.”

செண்பகவல்லி இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கால்களைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

திருமாறன் ஓட்டினார். பக்கவாட்டுக் காற்று மூக்கைத் தள்ளியது. அவர் அதைப் பிடித்து நேராக்கினார். மேகம் விலகி நாகமலையின் ஓரம் தெரிந்தது. அதைத் தாண்டி ஓடுதள விளக்குகள் தெரிந்தன. இரண்டரை வருடம் எங்கேயோ ஓடிப்போனது. சக்கரம் தரையைத் தொட்டது தெரியாமல் தொட்டது. அவருக்குச் சந்தோஷம்தான்.

விமானம் வேகம் குறைந்தது. அப்போது திருமாறனின் இடது கை என்ஜின் விசையை விட்டுவிட்டு இன்னும் இடது பக்கமாகப் போய் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. நடுவிலிருந்த பலகையின் விளிம்பைத் துழாவிவிட்டு நின்றது.

தரையில் விமானத்தைத் திருப்புவதற்கென்று தனியாக ஒரு சின்னச் சக்கரம் உண்டு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். இந்த வகை விமானத்தில் அது கேப்டனின் இடது முழங்கைக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் யார் இறக்கினாலும், தரைக்கு வந்ததும் கேப்டனிடம் கொடுத்துவிட வேண்டும். பதினாறு வருடம் அந்தச் சக்கரத்துக்குப் போய்ப் பழகிய கை, இன்றைக்கும் அதைத் தேடிக் கிளம்பியிருந்தது.

கையைப் பார்க்கத் திருமாறனுக்கு வெட்கமாக இருந்தது. பிரேக்கை மிதித்தார். விமானம் நடு ஓடுதளத்தில் நின்றது.

“புவியரசு இந்த இடத்துல உடனே குடுத்துட்டார் சார்,” என்றார் செண்பகவல்லி.

“யாரு புவியரசு?”

“என் துணை விமானி. சேர்ந்து எட்டு மாசம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, இதே மழை, இதே உயரம். நான் ஓட்டிக்கிட்டிருந்தேன். திடீர்னு இடது கை மரத்துப்போச்சு. விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. விளக்கெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது.”

“என்ன பண்ணினே?”

“இப்போ பண்ணினதுதான் சார்.”

திருமாறன் அவருடைய மடியைப் பார்த்தார். இரண்டு கைகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. வலது கை இடது கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

“மூளையில ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னாங்க. கை முக்கால்வாசி திரும்பி வந்துடுச்சு. லைசென்சுக்கு முழுசா வரணும்.”

“அப்போ நீ இப்போ...”

“அதுக்கப்புறம் பறக்கல சார். இனிமேலும் கிடையாது. இந்தப் பெட்டிதான்.”

“எனக்கு யாருமே சொல்லலியேம்மா.”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து நாலு தடவை உங்களுக்கு போன் பண்ணேன் சார்.”

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. அந்தப் போன் அடித்த நாட்களில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று திருமாறன் யோசித்துப் பார்த்தார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்திருப்பார். இந்த மூன்று வாரத்திலும் ‘எப்படிம்மா இருக்கே’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“தரைக்கு வர்ற வரைக்கும் எப்படி உட்கார்ந்திருந்தே?” என்றார். “கையை இப்படி வெச்சுக்கிட்டு?”

“திருச்சியில என்னைத் திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க வாங்கின பிறகும் நான் கைப்பிடியை விடாம இருந்தேன்னு. ‘குடுத்தா வாயாலயும் குடு, கையாலயும் குடு, காலாலயும் குடு. அரைகுறையாக் குடுக்காதே’ன்னு கத்தினீங்க. அன்னைக்கு அந்தக் குரல்தான் சார் கேட்டுக்கிட்டிருந்துது.”

திருமாறன் இடது கையை மறுபடி விசையின் மேல் வைத்தார்.

“குடுக்கிறது ஒண்ணும் பெரிசா இல்ல சார். பின்னாடி அறுபத்தெட்டு பேர் இருந்தாங்க. புவியரசு நல்லா இறக்கினார். இதோ, இங்கேதான். இறக்கினதும் முறைப்படி, ‘யூ ஹாவ் கன்ட்ரோல், மேம்’னார். பாவம், பழக்கத்துல சொல்லிட்டார். சக்கரம் என் பக்கத்துலதானே இருக்கு. எனக்குக் கை எழும்பல. வாயும் எழும்பல. மறுபடியும் சொன்னார். நான் பேசாம இருந்தேன். கடைசியில டிராக்டர் கொண்டுவந்து விமானத்தைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க.”

செண்பகவல்லி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

“எனக்கு அது இன்னும் இங்கேயேதான் நிக்குது சார்.”

டீ குடிக்கப் போன கேப்டன் திரும்பி வந்து, கதவருகே நின்று உள்ளே பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போய்விட்டார்.

திருமாறன் கைப்பிடியிலிருந்து வலது கையை எடுத்தார். விசையிலிருந்து இடது கையை எடுத்தார். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். கால்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுத்துத் தரையில் ஊன்றினார்.

“யூ ஹாவ் கன்ட்ரோல், மேம்,” என்றார்.



செண்பகவல்லியின் இடது கை மடியிலிருந்து மெல்லக் கிளம்பியது. சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. விரல்கள் மடங்குவதற்குள் வழுக்கிக் கீழே விழுந்தது. எட்டிப் பிடித்துக் கொடுக்க வேண்டும் போல் திருமாறனுக்குப் பதறியது. அவருடைய கைகள் மடியிலேயே கிடந்தன.

கை மறுபடியும் ஏறியது. மூன்று விரல்கள் மடங்கின. மற்ற இரண்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. பிடி நின்றது.

“ஐ ஹாவ் கன்ட்ரோல்,” என்றார் குரு.