இருவாச்சி வாசலை அடைத்தது ஏன்?

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, இருவாச்சியின் பொந்துக்கு வாசல் திறந்தேதான் கிடக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு வருஷம் மலையில் பேய்க்காற்று அடித்துப் பெரிய மரங்கள் அத்தனையும் சாய்ந்துவிட்டன. மிஞ்சியது ஒரே ஒரு இலவமரம். அதில் ஒரே ஒரு பொந்து. அதற்கு நாலு பேர் போட்டி: கிளி, மைனா, ஆந்தை, அப்புறம் செம்பி என்கிற இருவாச்சிப் பெண். செம்பிக்கு வயிற்றில் முட்டை. இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தாள், பாவம். பொந்து கிடைக்காவிட்டால் முட்டை வெறுங்கிளையிலிருந்து உருண்டு விழ வேண்டியதுதான்.

பஞ்சாயத்துக்குக் கருமந்தி வந்தது. சுரைக்குடுக்கை ஒன்றில் மூன்று வெள்ளைக் குன்றிமணியும் ஒரு சிவப்புக் குன்றிமணியும் போட்டுக் குலுக்கியது.

"கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுங்கள். எல்லாரும் எடுத்த பிறகு ஒன்றாகக் கால்விரலை விரிக்கலாம். சிவப்பு யாருக்கோ, பொந்து அவருக்கு."

"நான்தான் முதல்!" என்று கிளி பாய்ந்தது. "கடைசி ஆளுக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கும்!"

மைனாவும் ஆந்தையும் சும்மா விடுமா? மூன்றும் முட்டிமோதிச் செம்பியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டன. அவள் புருஷன் சண்டைக்குச் சிறகை விரித்தான்.

"விடுங்க" என்றாள் செம்பி. "யார் முந்தி, யார் பிந்தி என்று உள்ளே கிடக்கிற மணிக்குத் தெரியவா போகிறது?" சொல்லிவிட்டாளே தவிர, அவள் பார்வை குடுக்கையை விட்டு நகரவில்லை.

மூன்றும் எடுத்து முடித்தன. மிஞ்சிய ஒற்றை மணியைச் செம்பி எடுத்தாள்.

"விரியுங்கள்!"

கிளியிடம் வெள்ளை. மைனாவிடம் வெள்ளை. ஆந்தையிடமும் வெள்ளை. செம்பியின் விரலிடுக்கில் சிவப்பு!

அடேயப்பா, அப்புறம் நடந்த கூத்தைப் பார்க்கணுமே! "அநியாயம்! கடைசி ஆளுக்குத்தான் அதிர்ஷ்டம்! மறுபடி குலுக்கு, இந்தத் தடவை நான்தான் கடைசி!" என்று கிளி குதித்தது.

செம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவு நேரம் முதல் இடம் உசத்தி, இப்போது கடைசி இடம் உசத்தியா? நாலு பேருக்கும் ஒரே அளவு வாய்ப்புத்தான் இருந்தது. உங்கள் மூன்று பேருக்கும் சிக்காததால் எனக்கு மிஞ்சியது. உங்களில் ஒருவருக்குச் சிக்கியிருந்தால் மறுபடி குலுக்க விட்டிருப்பீர்களா?"

"அவள் சொல்வதுதான் நியாயம்" என்றது கருமந்தி.

மூன்றும் கேட்கவில்லை. "நாளைக்கும் வருவோம், நாளை மறுநாளும் வருவோம். மறுபடி குலுக்கும்வரை விடமாட்டோம்!"

"தாராளமாக வாங்க" என்று சொல்லிச் செம்பி பொந்துக்குள் நுழைந்தாள். புருஷன் ஈரமண்ணை அள்ளி அள்ளிக் கொண்டுவந்தான். அவள் அதில் பழச்சக்கையைக் குழைத்து உள்ளிருந்தே வாசலைப் பூசினாள். அலகு நுனி நீட்டும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டாள்.

விடிந்ததும் மூன்றும் வந்து தட்டின, கொத்தின, தொண்டை வறளக் கத்தின. சுவர் அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. "முட்டை போட்டாச்சு! இது நான் ஜெயிச்ச வீடு. போயிட்டு வாங்க!"

அன்று முதல்தான் இருவாச்சிப் பெண் முட்டையிடும் நாளில் வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறாள். வெளியே முதலில் வந்தவர் கத்தினாலும் கடைசியில் வந்தவர் கத்தினாலும் அவளுக்கு ஒன்றுதான். புருஷன் பழத்தோடு வந்தால் மட்டும் அந்தக் கீறலில் அலகு நீள்கிறது.