மூணு மண்டபமும் மூணு வெத்தலைத் தட்டும்

பூவேலி நாட்டுல சண்டை முடிஞ்சுது. ஜெயிச்சாச்சு. ஆனா ஊர்ல ஒருத்தருக்கும் தூக்கம் வரல. ராஜா செண்பகபூபதிக்கும்தான்.

அரண்மனை வைத்தியர் அகோரலிங்கம் ஒரு வழி சொன்னார். "வட்டமா உட்காரணும். வெத்தலைத் தட்டு யார் கையில இருக்கோ அவங்க மனசுல இருக்கறதைக் கொட்டணும்."

ஆம்பளைங்களுக்கு ஒரு மண்டபம், பொம்பளைங்களுக்கு ஒண்ணு, கலந்து உட்கார இன்னொண்ணு. ராஜா ராணியோட கலந்த மண்டபத்துல உட்கார்ந்தார். நல்லாத் தூங்கினார்.

ஒரு மாசம் போச்சு. வைத்தியர் சபையில நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தார்.

"மகாராஜா, கலந்த மண்டபந்தான் மருந்து. அங்க ஆம்பளைங்க தேம்பி அழுது தெளிஞ்சுட்டாங்க. பொம்பளைங்க வாயே திறக்கல. துக்கமே இல்லாதவங்களுக்குத் தனி மண்டபம் எதுக்கு? இடிச்சுட்டு யானையைக் கட்டலாம்."

ராணி பொற்கொடி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. சண்டையில தம்பியைப் பறிகொடுத்தவங்க. பகல்ல போய் அழறதுக்கு அவங்களுக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பொம்பளைங்க மண்டபம்.

மந்திரி கூத்தப்பன் எழுந்தார். "இடிக்கறதுக்கு முந்தி அந்த மூணு தட்டையும் கொண்டாரச் சொல்லுங்க."

வந்துச்சு.

ஆம்பளைங்க தட்டு காலி. "எல்லார் வாயிலயும் வெத்தலை. அப்புறம் எவன் பேசறது?"ன்னார் கூத்தப்பன்.

பொம்பளைங்க தட்டுல வெத்தலை சருகாக் கிடந்துச்சு. "பேசற பேச்சுல ஒருத்தியும் மெல்லல."

கலந்த மண்டபத்துத் தட்டுல, பதமாச் சுண்ணாம்பு தடவி, கிராம்பு குத்தி, மடிச்ச வெத்தலை.

"இது யார் மடிச்சது?"ன்னார் ராஜா.

"பொம்பளைங்கதான். தட்டு கைக்கு வந்ததும் மடிச்சு வச்சு, 'நீங்க சொல்லுங்க'ன்னு பக்கத்து ஆம்பளைகிட்ட நீட்டிடறாங்க. வீட்டுப் பழக்கம். ஆம்பளைங்க பேசற மும்முரத்துல அதைத் தின்னக்கூட மறந்துட்டாங்க."

வைத்தியர் சிரிச்சார். "வெத்தலையைத் தொட்டு நாடி பாக்கறீராக்கும்?"

"சரி, ஆளையே கேப்போம். மகாராஜா, ராணியம்மா மனசுல என்ன கஷ்டம்?"

ராஜா தாடியைத் தடவினார். "அவ ஒண்ணும் சொல்லலையே..."

"ராணியம்மா, மகாராஜாவுக்கு என்ன கஷ்டம்?"

"குதிரை செத்தது. முழங்கால் குடைச்சல். சின்னதுல அவங்கப்பா எல்லார் முன்னாலயும் அறைஞ்சது. அந்த அறையை மட்டும் தினம் ஒருதரம் சொல்லுவாரு."

கூத்தப்பன் கையைக் கட்டிக்கிட்டார். "கலந்த மண்டபத்துல பொம்பளைங்க நோயாளி இல்ல மகாராஜா, வைத்தியருங்க. அவங்க நோவைப் பாக்கத்தான் பொம்பளைங்க மண்டபம்."

ராஜா விழுந்து விழுந்து சிரிச்சார். மண்டபம் நிக்கட்டும்னார். வைத்தியருக்குன்னு எடுத்து வச்ச பட்டுச் சால்வையை ராணிக்குப் போர்த்தினார்.

"இப்ப சொல்லு தேவி, உன் மனசுல என்ன?"

ராணி வாயைத் திறந்தாங்க.

"ஏன் கேக்கறேன்னா, எனக்கு என்ன தோணுதுன்னா..."ன்னு ராஜா ஆரம்பிச்சார்.

ராணி தட்டுல இருந்து ஒரு வெத்தலையை எடுத்து அவர் வாயில திணிச்சுட்டு, பொம்பளைங்க மண்டபத்துக்குக் கிளம்பினாங்க.