இடப்பக்கம் சாய்ந்த பஸ்

காது கொடுத்துக் கேட்பவர்களுக்குக் கதை. கணக்காகக் கேட்பவர்களுக்கு விடை.

ராசிபுரத்தில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். கவலைப்பட அவளுக்குக் காரணமே வேண்டாம். காரணம் கிடைத்துவிட்டால் அதைக் கீழே இறக்கி வைக்கமாட்டாள். அவளிடம் பதினைந்து வயதான சின்ன பஸ் ஒன்று இருந்தது. சிறுநீரகம் பழுதான பதினோரு பேரை வாரம் மூன்று நாள் சேலத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுவதுதான் அதன் வேலை. அவள் கணவர் அதே வைத்தியத்துக்குத் தடதடக்கும் வேன் ஒன்றில் போய்வந்தவர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். அதனால்தான் அவர் போன பிறகு தேடிப் பிடித்து ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸாக வாங்கினாள்.

அந்த பஸ்ஸின் சூட்சுமம் இவ்வளவுதான். பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரப்பர் காற்றுப் பை. பக்கத்திலேயே ஒரு வால்வு. அதிலிருந்து கை போல நீண்ட ஒரு கம்பி. பஸ் அமுங்கினால் கம்பி மேலே போகும், பைக்குக் காற்று ஏறும். பஸ் எழும்பினால் கம்பி கீழே இறங்கும், காற்று வெளியேறும். கம்பியை அச்சோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன ரப்பர் மூட்டு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு பஸ்ஸைக் கழுவி, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். வேடிக்கை பார்த்த பக்கத்துக் கடைக்காரர், "பழைய பஸ்ஸாக்கா இது? புதுசாட்டமல்ல இருக்குது!" என்றார்.

அந்த ஒரு சொல் போதாதா? முன்பக்கம் தொங்கும் மிளகாய், எலுமிச்சை எல்லாம் ஊர் பார்க்கக் கட்டியவை; ஊர் பார்க்காத இடத்திலும் ஒன்று வேண்டும் என்று செங்கமலத்துக்குத் தோன்றியது. கறுப்புக் கயிற்றில் படிகாரத்தையும் இரண்டு இரும்பு லாடத்தையும் கோத்து, பஸ்ஸுக்கு அடியில் கையை விட்டு, எட்டிய இடத்தில் இறுக்கிக் கட்டினாள். அதன் பிறகுதான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

பத்து நாளில் பஸ் இடப்பக்கம் சாய்ந்தது. திங்கட்கிழமை எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சோதனை. சாய்ந்த பஸ்ஸுக்குச் சான்று கிடைக்காது. சான்று இல்லாவிட்டால் பதினோரு பேரும் இரண்டு டவுன் பஸ் மாறி, நின்றுகொண்டே போகவேண்டும்.

சனிக்கிழமை காலை பட்டறை மெய்யப்பன் மேஸ்திரி வந்து பஸ்ஸுக்கு அடியில் படுத்தார். எழுந்து வந்ததும், என்ன நினைத்தாரோ, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வயசான வண்டிங்க்கா. காத்தை நம்பிக் காலம் தள்ள முடியாது. பையைக் கழட்டிட்டு ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை ஸ்பிரிங் போட்டுட்டா எஃப்.சி.யும் ஆயிரும், பத்து வருஷத்துக்கு என்னையத் தேடவும் மாட்டீங்க."

"குலுங்குமே?"

"வண்டின்னா குலுங்காதுங்களா?"

அடுத்து வந்தவர் மெக்கானிக் ஜெபஸ்டின். சோப்புத் தண்ணியைக் காற்றுப் பை மேல் அடித்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"உள்ளார நைஞ்சிருக்கும். ரெண்டு பையையும் புதுசா மாத்திரலாம். மத்ததெல்லாம் பாத்துட்டேன், கை வைக்கக் கூடாததுல மட்டும் கை வைக்கலை. அது உங்க சாமி சமாச்சாரம்."

மூன்றாவதாக வாயைத் திறந்தார் டிரைவர் அய்யந்துரை. "பை ஓட்டைன்னா காலையில சாஞ்சு கெடந்து, இஞ்சின் ஓடக் காத்து ஏறினதும் நிமிரோணும். இது காத்து மீட்டர் முள்ளு முழுசா ஏறின பொறவும் சாஞ்சேதான் நிக்குது. பூஜை வரைக்கும் இப்படி இல்லீங்க."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"தெரியலீங்க. ஆனா வண்டியில இருக்கற எதையும் கழட்டாதீங்க."

பட்டை போட்டால் பஸ் ஓடும், நோயாளிகள் பல்லைக் கடிப்பார்கள். புதுப் பை வாங்கி மாற்றுவதற்குள் திங்கள் வந்துவிடும். சாய்வு போகுமா என்பதும் நிச்சயமில்லை. சும்மா இருந்தால் பஸ்ஸே நின்றுவிடும். செங்கமலம் பஸ்ஸை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள்.

சொல்லுங்கள். பஸ்ஸைச் சாய்த்தது எது? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: சாய்த்தது செங்கமலத்தின் கயிறு. அவள் கை எட்டிய இடம் இடப்பக்க வால்வின் கம்பி. ரப்பர் மூட்டு புதிதாக இருந்த காலமென்றால் லாடத்தின் கனத்தைத் தாங்கியிருக்கும். பதினைந்து வருஷத்தில் அது தளர்ந்துபோயிருந்தது. கம்பி கீழே இழுபட, பஸ் எழும்பிவிட்டது என்று வால்வு காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருந்தது. பை நன்றாகத்தான் இருந்தது. அய்யந்துரையின் யோசனை சரி, முடிவு தப்பு. கழற்ற வேண்டியது ஒன்று இருந்தது. மூவரும் அந்தக் கயிற்றைப் பார்த்தவர்கள்தான். திருஷ்டிக் கயிற்றை அவிழ்க்க எவருக்கும் மனம் துணியவில்லை. கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அவள் அவிழ்த்து, ரப்பர் மூட்டுக்குப் புதிது போட்டு, இஞ்சினைப் போட்டதும் பஸ்ஸின் இடத்தோள் மெல்ல நிமிர்ந்தது. "லாடத்தை எங்கீங்க கட்டறது?" என்றார் அய்யந்துரை. "என் கழுத்துல" என்றாள் செங்கமலம்.