அருணகிரிக்கு ஒரு பத்திரிகை

பஞ்சு வாங்கப் போகிறவன் முகத்தில் தேவை தெரியக் கூடாது. தெரிந்தால் விலை ஏறிவிடும். இந்த ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் பிழைத்தவர் மயில்சாமி. பத்து வயதில் மாட்டுச் சந்தையில் கயிறு பிடித்தவர், நாற்பத்தேழு வயதில் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லின் கொள்முதல் மேலாளர். கோபம் மூக்கு நுனியில். பேரம் நாக்கு நுனியில்.

அவர் ஞாயிறுதோறும் கோயம்புத்தூர் போய் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் டை கட்டிய ஒரு பொடியன் மில்லுக்கு வந்து, பஞ்சு எப்படி வாங்குவது என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனான். அன்று வந்த வெறி.

மில்லில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், 'ஆள் வேறு இடம் பார்க்கிறார்' என்று முதலாளி காதில் ஓத நாலு பேர் இருந்தார்கள். வகுப்பிலோ எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆனால் பக்கத்து நாற்காலி காலி. ஆறு நாள் மில், ஏழாம் நாள் கல்லூரி. இரண்டு இடத்திலும் கூட்டம். இரண்டு இடத்திலும் அவர் ஒண்டி.

மதியச் சாப்பாட்டை வண்டி நிறுத்துமிடத்தில், பைக் சீட்டின்மேல் வைத்துத் தின்பார்.

இரண்டாம் வருஷத்தின் நடுவில், ஒரு ஞாயிறு மதியம், அவர் சாப்பிடப் போகாமல் ஜெபராஜின் அறைக்குப் போனார். நிதிப் பாடம் நடத்தும் ஜெபராஜுக்கு முப்பத்திரண்டு வயது. நாகர்கோவில்காரர். மயில்சாமியைவிட பதினைந்து வயது இளையவர். ஆனாலும் மயில்சாமி அவர் முன்னால் உட்கார மாட்டார். வாத்தியார் வாத்தியார்தான்.

"ஒரு கையெழுத்து வேணுமுங்க சார்."

ஜெபராஜ் படிவத்தைப் படித்தார். "படிப்பை நிறுத்தறீங்களா? காரணம், வேலைப்பளு. அப்படியா அண்ணா?"

"எழுதியிருக்கனுல்லங்க."

"இது நீங்க சொல்ற விலை. அடக்க விலை என்ன?"

மயில்சாமிக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க சார், எங்கிட்டயே யாவாரமா?"

"உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். சொல்லுங்க."

"தூரமுங்க."

"போன வருஷமும் பல்லடம் அங்கேதானே இருந்தது?"

"வயசாச்சுங்க."

"இன்னும் கொஞ்சம் இறங்குங்க."

மயில்சாமி சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் அறைந்தார். நிச்சயதார்த்தப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள். மேலே அவர் மனைவி தங்கமணியின் குண்டு குண்டான கையெழுத்து: திரு. அருணகிரி, குடும்பத்தாருடன்.

"யார் இவர்?"

"எங்கூடப் படிக்கறவருங்க."

"அப்படி ஒருத்தர் நம்ம வகுப்பில் இல்லையே."

"அதுதாங்க சார் அடக்க விலை."

மயில்சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல் வாரம் வீட்டுக்குப் போனதும் தங்கமணி கேட்டாள்: யார்கூடச் சாப்பிட்டீங்க? இல்லாத வியாபாரி ஒருவனைச் சொல்லி, இருக்கிற வியாபாரியை விலை குறைக்க வைப்பது அவர் தொழிலில் தினப்படி நடப்பது. வாய் பழகியிருந்தது. அருணகிரி என்று சொல்லிவிட்டது. அடுத்த வாரம் அருணகிரிக்கு உடுமலைப்பேட்டையில் ஒரு வங்கி வேலை கிடைத்தது. அதற்கடுத்த வாரம், சர்க்கரை வியாதியோடு ஒரு அம்மா. பிறகு அரிசிம்பருப்புச் சோறு என்றால் அவருக்கு உயிர் என்றாகிவிட்டது.

"அன்னிலிருந்து அவ ரெண்டு கேரியர் குடுத்துடறா. ரெண்டு பேரு சோத்தை ஒருத்தனே தின்னுட்டு இருக்கனுங்க. வயித்தைப் பாருங்க."

ஜெபராஜ் சிரித்துவிட்டார். மயில்சாமியும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"அடுத்த வாரம் புள்ளைக்கு நிச்சயம். அருணகிரியண்ணன் குடும்பத்தோட வந்தே ஆகோணும்கறா. ஒண்ணரை வருசமா எம்பட சோத்தைத் தின்ன மனுசன், ஒருக்கா மூஞ்சியக் காட்டட்டும்கறா. படிப்பை விட்டுட்டா அந்த ஆளையும் விட்டரலாம். சண்டைன்னு சொல்லிக்கலாம்."

"சரி."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறனுங்க. ஊமையையும் விலை சொல்ல வெச்சவன் நானு. குஜராத்திகிட்ட பாஷை தெரியாமயே பேசி சரக்கு எடுத்தவன். இங்க மட்டும் ஏனுங்க ஒருத்தனும் எங்கூட உக்காரல?"

ஜெபராஜ் பேனாவை மூடினார். "பசிக்குது அண்ணா. அருணகிரி சாப்பாடு எங்கே?"

வண்டியிலிருந்த கேரியர்களை எடுத்துவந்து இரண்டு பேரும் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். நெய் ஊற்றிய சோறு ஆறிப்போயிருந்தது. வகுப்பறைக்குள் சில பேர் பலகையைச் சுற்றி நின்றிருந்தார்கள். அங்கே சாக்பீஸோடு நின்றவள் ரெஹானா, ஒரு மென்பொருள் கம்பெனிப் பெண். முதல் வருஷம் ஜெபராஜின் வகுப்பில் அவள்தான் ஒரு கணக்கின் நடுவே இவரிடம் திரும்பி, "புரியுதா சார்?" என்று கேட்டவள். "பஞ்சை விரல்ல இழுத்துப் பார்த்தே என்ன நூலு வரும்னு சொல்றவன் நான், எனக்கா புரியாது?" என்று மயில்சாமி எகிறினார். உண்மையில் புரியவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கை கழுவியதும் ஜெபராஜ் சொன்னார்: "மாட்டுச் சந்தையில் துணிக்குள்ளே கையை விட்டு விலை பேசுவாங்களாமே. எங்க பக்கம் நான் பார்த்ததில்லை. சொல்லிக் குடுங்க."

"இப்பவா?"

"இப்பவே."

கேரியர் கட்டிவந்த துணியை மயில்சாமி உதறினார். இருவர் கைகளையும் அதில் மூடினார். "ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு. ரெண்டைப் பிடிச்சா ரெண்டு. அஞ்சையும் சேத்துப் பிடிச்சா அஞ்சு. அது ஆயிரமா, பத்தாயிரமாங்கறது மாட்டைப் பாத்தாலே தெரியும். சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. இப்ப நான் என்ன கேட்டனுங்க?"

"புரியல அண்ணா. இன்னொருக்கா சொல்லுங்க."

"ரெண்டு விரல் பிடிச்சிருக்கனுல்லங்க!"

"அப்போ நான் இப்படிப் பிடிக்கட்டுமா?"

"ஏனுங்க சார் அந்த இழுப்பு இழுக்கறீங்க? அது விரலுங்க, மாட்டு வாலு இல்லீங்க."

"புரியல. இன்னொருக்கா சொல்லுங்க."

மயில்சாமி இன்னொரு முறை சொன்னார். விரலை விட்டுவிட்டால் பேரம் முறிந்தது என்று சொன்னார். உள்ளங்கையை அழுத்தினால் முடிந்தது என்றார். ஜெபராஜ் அழுத்த வேண்டிய இடத்தில் விட்டார், விட வேண்டிய இடத்தில் அழுத்தினார்.

"போச்சு. கெழட்டு எருமையை ஜல்லிக்கட்டுக் காளை விலைக்கு வாங்கிட்டீங்க. வீட்டுல அம்மா வெளக்குமாத்தை எடுப்பாங்க."

"புரியல அண்ணா. இன்னொருக்கா சொல்லுங்க."

மயில்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தார். நடுவே, வாத்தியார் கேட்காமலேயே, தன் அப்பா ஒரு சந்தையில் கன்றை விற்றுவிட்டு வழியெல்லாம் பேசாமல் நடந்துவந்த கதையைச் சொன்னார். தங்கமணிக்குக்கூட அவர் சொல்லாத கதை அது. இந்தக் கட்டடத்தில் ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசியதில்லை.

உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம். மதிய வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம்.

மயில்சாமி கையை எடுத்துக்கொண்டார். முகம் பழையபடி இறுகியது. "நேரத்தைக் கடத்திட்டீங்க சார். கையெழுத்தும் போடல. நான் கேட்டதுக்குப் பதிலும் சொல்லல."

ஜெபராஜ் துணியை நாலாக மடித்தார். படிவத்தை அதன்மேல் வைத்து, இரண்டையும் அவர் கையில் கொடுத்தார். கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"காலையில நீங்க தலையாட்டின கணக்கைத்தான் ரெஹானா உள்ளே போட்டுட்டு இருக்கா. போங்க."

மயில்சாமி கதவு வரைக்கும் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையில் எண்கள் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ரெஹானா திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும், ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் மூன்று எட்டு பின்னால் வந்தார். குரலைத் தணித்தார். "போயி என்னன்னுங்க சார் சொல்றது?"

"துணிக்குள்ளே விரல் பிடிக்கும்போது நான் உங்ககிட்டே ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னேனே, அண்ணா," என்றார் ஜெபராஜ். "அதில் ஒண்ணை எடுத்துட்டுப் போங்க."