அரசி கட்டிய ஒரு சாண் பூ

அல்லிக்காவு என்னும் நாட்டை முன்னொரு நாளில் மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் அரண்மனைக்குப் பூக்கட்டிக் கொடுத்தவள் உமையாள். அரசியை அவள் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆனி மாதக் காலையில். மேல்மாடத்துச் சாளரத்தருகே உட்கார்ந்து, அரசி மல்லிகையைச் சரமாகக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடக்கைப் பழக்கம். முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கமே திரும்பின.

"உமையாள், பட்டுப் பெட்டியில் பூச்சி வருகிறதே?"

"வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து போடுங்கள், அம்மா."

"சர்க்கரைப் பானையில் எறும்பு?"

"நாலு கிராம்பு போதும்."

"அரசருக்கு வரும் கோபத்துக்கு?"

"அதற்கு என் கையில் மருந்து இல்லை, அம்மா."

அரசி சிரித்தாள். ஒரு சாண் கட்டியிருந்த பூவைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று மாலையே காய்ச்சல் கண்டது. அன்றிரவே இறந்துபோனாள்.

அரசன் அந்தப் பூவை வெள்ளித் தட்டோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "இது வாடக் கூடாது. இது என் ஆணை" என்றான். அவையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப்புர அதிகாரி அனந்தசேனர் மட்டும் முன்னால் வந்தார். "என்னிடம் விடுங்கள், அரசே. என் மந்திரத்துக்குப் பூவும் கட்டுப்படும்."

கட்டுப்பட்டது. ஒவ்வொரு விடியலிலும் பூ அன்று பறித்தது போலவே இருந்தது. அரசன் அவைக்கு வருவதை நிறுத்திவிட்டான். கனவில் நடப்பவன் போல மாடத்திலேயே கிடந்து பூவோடு பேசினான். பூ என்ன பதில் சொன்னது என்பதை அனந்தசேனர் எடுத்துச் சொன்னார். நாற்பதாம் நாள் பூ இப்படிச் சொன்னதாம்: "வேறு பூ எதுவும் என் வாசலை மிதிக்கக் கூடாது. பௌர்ணமிக்குள் பூக்காரத் தெருவைக் காலி செய்யுங்கள்."

அரசன் அப்படியே ஆணை எழுதிக் கொடுத்தான். தெருவில் முப்பத்தொரு வீடுகள். போக இடமில்லாமல் எல்லோரும் உமையாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவள் ஒரு முறத்தை எடுத்தாள். அதில் திருநீறு, அரிசி மாவு, இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு அரண்மனைக்குக் கிளம்பினாள்.

"அரசே, வெள்ளித் தட்டு கறுத்திருக்குமே. அம்மா இருந்தால் என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்."

"ஆமாம், உன்னைத்தான் கூப்பிடுவாள்" என்றான் அரசன், எங்கோ பார்த்தபடி. "துலக்கு."

"அடுப்படிக் குப்பையோடு இங்கே என்னடி வேலை?" என்று அனந்தசேனர் சீறினார்.

உமையாள் திருநீற்றால் தட்டைத் துலக்கிக்கொண்டே பூவைப் பார்த்தாள். முடிச்சுகள் வலப்பக்கம் திரும்பியிருந்தன. அரசியின் கை பட்டதை இன்னொரு முறை பார்க்கலாம் என்ற ஆசையில்தான் அவளும் வந்திருந்தாள். இது அரசி கட்டியதே அல்ல. பிறகு அவள் கண் அனந்தசேனரின் பட்டு உத்தரீயத்துக்குப் போனது. ஓரத்தில் பழுப்பாக நாலைந்து சொட்டு.

"ஐயா, இது அரசர் உங்களுக்குப் பரிசாகப் போர்த்திய பட்டாயிற்றே! கறை பட்டிருக்கிறதே! எண்ணெய்க் கறையா? அரிசி மாவு தூவினால் போய்விடும்."

"சந்தனக் கறை அது. தள்ளிப் போ!"

"சந்தனமா? அதற்கு எலுமிச்சைதான்." ஒரு பழத்தை அரிந்து அவர் அருகே போனாள். "ஒரு சொட்டு விட்டால் பளிச்சென்று ஆகும். வாழைக்கறையாக இருந்தால்தான் ஆபத்து. எலுமிச்சை பட்ட மாத்திரத்தில் பட்டு பொத்துப்போகும். உங்களுடையது சந்தனம்தானே? கொஞ்சம் நீட்டுங்கள்."

பழத்தைப் பிழியப் போனாள். அனந்தசேனர் உத்தரீயத்தைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு அலறினார்: "வேண்டாம்! வாழைக்கறை! வாழைக்கறைதான்!"

அரசன் நாற்பது நாளில் முதல் முறையாக நிமிர்ந்து ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்தான்.

"அதிகாரிக்கு வாழைப் பட்டையோடு என்ன வேலை?"

"எனக்குத் தெரியும், அரசே" என்றாள் உமையாள். "நாங்கள் வாழை நாரைக் காய வைத்து, நனைத்துக் கட்டுவோம், கறை படாது. தோட்டத்தில் திருட்டுத்தனமாகப் பச்சைப் பட்டையை உரித்து அன்றன்றே கட்டுகிறவர் துணியில்தான் இப்படிச் சொட்டும். ஐயா நன்றாகவே கட்டுகிறார். என்ன, அம்மாவுக்கு இடக்கை, இவருக்கு வலக்கை."

அனந்தசேனர் அரசன் காலில் விழுந்தார். "முதல் பூ இரண்டாம் நாளே பழுத்துவிட்டது, அரசே. ஆற்றில் போட்டுவிட்டேன்."

அரசன் வாள் எடுக்கவில்லை. தட்டிலிருந்த பூவை எடுத்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "நாற்பது நாள் நான் உன் பூவோடா பேசிக்கொண்டிருந்தேன்?"

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை உமையாள் தலைகுனிந்து நின்றாள்.

"அவள் பூவை உன்னாலாவது வாடாமல் வைத்திருக்க முடிந்திருக்குமா?"

"முடியாது, அரசே. வாடுவதால்தானே நான் தினமும் காலையில் வந்தேன். வந்ததால்தானே அம்மா என்னோடு பேசினார்."

அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எலுமிச்சை பட்டால் பட்டு நிஜமாகவே பொத்துப்போகுமா?"

"போகாது, அரசே. சாயம் கொஞ்சம் வெளுக்கும்."

அரசன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அன்றே தெருவைக் காலி செய்யும் ஆணையைக் கிழித்தான். அந்தப்புரப் பொறுப்பை உமையாளிடம் கொடுத்தான். அனந்தசேனர் ஓராண்டு பூக்காரத் தெருவில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கப் பூக்கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். அதே உத்தரீயத்தைப் போர்த்திக்கொண்டுதான். தெருப் பெண்கள் அவரை விடவில்லை: "மந்திரக்காரரே, முடிச்சை இறுக்குங்கள், பூ உதிர்கிறது!"

அரசன் மறுநாள் அவைக்கு வந்தான். அரசி கட்டிய பூவில் எதுவும் மிஞ்சவில்லை. பூக்காரத் தெருவில் முப்பத்தொரு வீடுகளும் இருந்தன.